இரண்டு மணித்தியாலத்தில் நிறுத்திய ஸ்கேன்

கேள்வி: நான் 34 வயதுப் பெண், வெள்ளவத்தை. ஒரு வருடமாக நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்து மேல்வயிறு நோகிறது. எண்டோஸ்கோபியில் ஒன்றும் இல்லை. வயிறு காலியாகும் ஸ்கேனில் 2 மணித்தியாலத்தில் 63 சதவீதம் மிச்சம், ‘தாமதம்’ என்று வந்திருக்கிறது. வைத்தியரோ ‘எல்லாம் டென்ஷன்’ என்கிறார். எதை நம்புவது?

பதில்: இரண்டையும் அப்படியே நம்ப வேண்டாம்.

முட்டை வெள்ளைக்கருவில் கொஞ்சம் கதிரியக்க மருந்து கலந்து, இரண்டு துண்டு பாண், ஜாம், தண்ணீரோடு தந்திருப்பார்கள். அதன்பின் 4 மணித்தியாலம் வரை இடையிடையே படம் எடுக்க வேண்டும். நாலாவது மணித்தியாலத்தில் 10 சதவீதத்துக்கு மேல் மிச்சமிருந்தால்தான் தாமதம் என்று தைரியமாகச் சொல்லலாம். 2 மணித்தியாலத்துக்கு எல்லைக்கோடு 60. அதை மூன்றால் தாண்டியதும் உங்களை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த ஆளைப் படுக்க வைக்க அவசரம்! காசை மட்டும் பாதியாக வாங்கியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நோயில்லாத பெண்களின் வயிறே சராசரியாக ஆண்களை விட மெதுவாகத்தான் காலியாகும். இருவரையும் ஒரே கோலால் அளந்தால் எல்லையில் மாட்டுவது பெண்கள்தான். மாதவிடாய் தொடங்கி முதல் 10 நாளுக்குள் செய்வது நல்லது என்று அணு மருத்துவ வழிகாட்டியே சொல்கிறது. உங்களிடம் யாராவது திகதி கேட்டார்களா?

சரி, டென்ஷன். சாப்பாடு இறங்கும்போது இரைப்பையின் மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுக்க வேண்டும். மனக்கவலை உள்ள பலரில் அந்தத் தளர்வு குறைவு, சின்ன இழுவையும் நோவாகத் தெரியும். அந்த நோவு கற்பனை இல்லை. வயிறு கொள்ளும் மட்டும் சத்துப்பானம் குடிக்க வைக்கும் சோதனையில் இது நன்றாகத் தெரியும்: பயந்தவர் சீக்கிரம் ‘போதும்’ என்பார், பெண்களும் பொதுவாக ஆண்களை விடக் குறைவாகவே குடிப்பார்கள். காலியாகும் வேகமோ நோவோடு அவ்வளவாக ஒத்துப்போவதில்லை. ‘டென்ஷன்’ என்று ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிடுவது வைத்தியமா? சனல் பண்ணி (காசு கட்டி நேரம் எடுத்து) இரவு பத்து மணி வரை காத்திருந்தவருக்கு இதுதானா பதில்?

ஸ்கேன் எண்ணில் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், இப்படிப்பட்ட மேல்வயிற்று நோவுக்குச் சிறிய அளவு அமிட்ரிப்டிலின் (மனச்சோர்வுக்கும் தரும் மருந்து) பலருக்குக் கைகொடுக்கிறது. வயிறு உண்மையிலேயே மெதுவானவர்களுக்கு அது பெரிதாக உதவுவதில்லை. தப்பான ‘தாமதம்’ ஒன்று நல்ல மருந்தைத் தடுத்துவிடும். ‘மனநோய்க் குளிசை’ என்று பாமசியில் யாராவது சொன்னால் பயப்படாதீர்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் கதை வேறு. அவர்களில் தாமதம் நிஜமாகவே அடிக்கடி வரும். ஆனால் இரத்தத்தில் சீனி ஏறியிருந்தாலே அன்றைக்கு வயிறு மந்தமாகிவிடும். காலையில் வெறுவயிற்றுச் சீனி 275 mg/dL-ஐத் தாண்டினால் ஸ்கேனைத் தள்ளிப்போட வேண்டும். இன்சுலின் போடுபவர் முட்டைச் சாப்பாட்டுக்கு எவ்வளவு போடுவது என்று முதல் நாளே கேட்டு வைக்க வேண்டும். சீனியைப் பார்க்காமல் எடுத்த ஸ்கேன் நீரிழிவுக்காரருக்கு வெறும் கடதாசி. உங்களுக்கும் சீனி ஒருதரம் பார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் அந்த ‘பக்கேஜ்’ ஆட்கள். ஆஸ்பத்திரி வாசலில் கார்ட் நீட்டுவார்கள்: உணவு ஒவ்வாமைக்கு நூறு வகை இரத்தப் பரிசோதனை, பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்கு இரத்தப் பரிசோதனை. முதலாவது அஜீரணத்துக்கு உதவாது. இரண்டாவது பழைய கிருமித் தொற்றையும் இப்போதையதையும் பிரித்துக் காட்டாது. எண்டோஸ்கோபியில் பைலோரி பார்க்காவிட்டால் மூச்சு அல்லது மலப் பரிசோதனை கேளுங்கள், அதற்கு இரண்டு கிழமை முன்பே ஒமிப்ரசோலை (அமிலம் குறைக்கும் குளிசை) நிறுத்துங்கள்.

மெலிவு, கறுப்பு மலம், விழுங்கக் கஷ்டம், ஓயாத வாந்தி வந்தால் இதையெல்லாம் விட்டுவிட்டு உடனே போங்கள். மற்றபடி அடுத்த முறை வைத்தியரிடம் நாலாவது மணித்தியாலப் படம் இல்லை என்பதை நீங்களே சொல்லுங்கள். மீண்டும் செய்யச் சொன்னால் வயிற்றை வேகமாக்கும் டொம்பெரிடோன், மெதுவாக்கும் நோவு மருந்தான டிரமடோல் போன்றவற்றை எப்போது நிறுத்துவது என்று எழுதி வாங்குங்கள்.