காயலான் கடைப் பித்தளையும் சுருட்டுப்பெட்டி கிட்டாரும்

சுருட்டுப்பெட்டியில் ஒரு கட்டையைச் செருகி மூன்று கம்பி கட்டி வாசிக்கிற கிட்டார் பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் அதிகம்.

கே: கிட்டாரின் அடிப்பக்கம் பூட்டிய கதவுக் கீலில் கம்பிகளைக் கோத்திருக்கிறேன். புதுக் கம்பி போட்டாலும் கீல் ஓட்டையிலேயே அறுகிறது. கம்பி விற்ற கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா, அண்ணாச்சி?
- வீரவநல்லூர்

ப: அவர் மேல் பழி போடாதீர்கள். எப்போதும் ஒரே இடத்தில் அறுந்தால் குற்றம் அந்த இடத்தில்தான். ஓட்டை விளிம்பை விரலால் தடவுங்கள், பிசிறு தட்டும். மூன்று கம்பியும் சேர்ந்து 20 கிலோவுக்கு மேல் இழுக்கும்போது அந்தப் பிசிறு கத்திதான். ஓட்டையைவிடப் பெரிய டிரில் பிட்டைக் கையாலேயே நாலு சுற்றுச் சுற்றி, உப்புத்தாள் போட்டு மழுக்குங்கள்.

கே: சைக்கிள் பிரேக் கம்பியைக் கட்டலாமா? அமெரிக்காவில் அந்தக் காலத்தில் கிடைத்ததையெல்லாம் கட்டினார்களாமே?
- பேட்டை

ப: அவர்களுக்குக் கிடைக்கவில்லை, கட்டினார்கள். உங்களுக்குக் கடையில் கிட்டார் கம்பி கிடைக்கிறது. வாங்குங்கள்.

கே: காயலான் கடையில் பித்தளை விலை கொடுத்துப் பழைய கீல் வாங்கினேன். ஒரு மழைக்காலம் தாண்டவில்லை, செக்கச்செவேலென்று துரு. பித்தளை துருப்பிடிக்குமா?
- கல்லிடைக்குறிச்சி

ப: பித்தளை கறுக்கும், பச்சை பிடிக்கும். சிவப்பாகத் துருப்பிடிக்காது. உங்களிடம் விற்றது முலாம் பூசிய இரும்பு. தப்பு உங்களுடையது இல்லை, தாயி.

இந்த முலாம் வியாபாரத்தை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. 'அசல் பித்தளை' என்று நான் வாங்கிய ட்யூனிங் கீ (கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் திருகு) ஒன்று, திருகும்போதே தலை ஒடிந்தது. ஒடிந்த இடத்தில் பார்த்தால் சாம்பல் நிறத்தில் பொரபொரவென்று துத்தநாகக் கலவை. காந்தம் ஒட்டினால் இரும்பு என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஒட்டாததெல்லாம் பித்தளை இல்லை. துத்தநாகத்திலும் காந்தம் ஒட்டாது. அதனால் பின்பக்கம் அரத்தால் ஒரு இழுப்பு இழுத்துப் பாருங்கள். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால்தான் பித்தளை. அரம் போட விடாத கடையில் பணத்தை வெளியே எடுக்கவே கூடாது. தராசில் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் 'பித்தளை' என்றும் எடையையும் எழுதி வாங்குங்கள். அப்படி ஒரு பில் உங்களிடம் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது.

கே: பழைய ஜி.ஐ. தகட்டை (துத்தநாக முலாம் பூசிய இரும்புத் தகடு) முலாம் போக அடுப்பில் சுட்டேன். ராத்திரி குளிர் காய்ச்சல். கடைக்காரர் எச்சரிக்கவில்லையே, வழக்குப் போடலாமா?
- தச்சநல்லூர்

ப: கேட்டது தகடு, கொடுத்தது தகடு. அதை அடுப்பில் போடச் சொன்னது யார்? துத்தநாகப் புகை காய்ச்சலைக் கொண்டுவரும் என்று எந்த வெல்டிங் பட்டறையில் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். மூச்சு இழுத்தால் வக்கீலை விட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

கே: ஆன்லைனில் வாங்கிய ட்யூனிங் கீ சுருதியில் நிற்காமல் வழுக்குகிறது. பாக்கெட்டைப் பிரித்துவிட்டதால் திருப்ப முடியாதாம்.
- பாளையங்கோட்டை

ப: பிரிக்காமல் கீ வழுக்குகிறதா என்று எப்படித் தெரியும்? பழுதான பொருளுக்கு இந்தச் சாக்குச் செல்லாது. 2020-ம் ஆண்டு மின் வணிக விதிகளின்படி, அந்த ஆன்லைன் நிறுவனத்தின் புகார் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் உங்கள் புகார் கிடைத்ததைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். வழுக்குவதை வீடியோ எடுத்து எழுத்தில் அனுப்புங்கள். அப்புறம், அந்தப் பாக்கெட்டைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். தயாரித்தவர் பெயரும் விலையும் அதில்தான் இருக்கும்.