சாரணர் படையில் சேர்த்தால் பிள்ளை தேறுமா? வாசகர் கேள்விகள்

போன இதழில் பள்ளிச் சாரணர் (ஸ்கவுட்) படைகளைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினாலும் எழுதினேன், கடிதங்கள் குவிந்துவிட்டன. அதனால் இந்த முறை முழுக்க அதே பேச்சுதான்.

கே: மகன் ஆறாம் வகுப்பு. சாரணரில் சேர்த்தால் ஒழுக்கம், தலைமைப் பண்பு எல்லாம் வரும் என்கிறார்கள் பள்ளியில். நிஜமாகவே வருமா, இல்லை சீருடைக்குக் காசு வாங்கும் வழியா? (ஒரு வாசகி, தஞ்சாவூர்)

ப: படையைப் பொறுத்ததும்மா. ஆண்டு விழாவுக்கு வரும் விருந்தினருக்கு இருபுறமும் நின்று வணக்கம் வைக்கவும், விளையாட்டு விழாவில் கூட்டத்தை ஒதுக்கவும் மட்டும் கூப்பிடுகிற படை என்றால், பையனுக்கு வெயிலில் நிற்கும் பழக்கம் வரும். அவ்வளவுதான். போய் ஒரே ஒரு விஷயம் கேளுங்கள்: இங்கே அணிகள் உண்டா, அணித் தலைவர்கள் என்ன செய்கிறார்கள்? ஆறிலிருந்து எட்டுப் பிள்ளைகள் ஓர் அணி, அவர்களில் ஒருவன் தலைவன், ஆசிரியர் வேலையை அவனிடம் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். ஒதுங்கி நிற்பதுதான் பல ஆசிரியர்களுக்கு முடியாத காரியம், அது வேறு கதை.

ஒரு முகாமின் முதல் நாள் காலையைப் போய்ப் பாருங்கள். அணிக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு, நாலு தக்காளி, கொஞ்சம் எண்ணெய் என்று அளந்து கொடுத்துவிடுவார்கள். மூன்று கல் அடுப்பு. விறகு ராத்திரிப் பனியில் நனைந்திருக்கும். ஒருவன் தண்ணீர், ஒருவன் விறகு, இரண்டு பேர் சமையல், மிச்சப் பேர் பாத்திரமும் கூடாரமும். மறுநாள் சுற்று மாறும். சோறு குழைந்தால் எட்டுப் பேருக்கும் குழைந்த சோறுதான். பதிமூன்று வயதுத் தலைவன் கத்தினாலும் அடுப்பு எரியாது, கெஞ்சினாலும் எரியாது. யாருக்கு ஊதி நெருப்பு மூட்ட வரும், வீட்டு நினைப்பில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எவன் கூடாரத்துக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறான் என்றெல்லாம் பார்த்து, அவனையும் எழுப்பி ஒரு வேலை கொடுக்கத் தெரிந்தால்தான் நேரத்துக்குச் சாப்பாடு. மேடையில் தலைமைப் பண்பு என்று பேசுகிறார்களே, அது இதுதான்.

கே: சாரணர் எல்லோருக்கும் நண்பர், மற்ற சாரணருக்குச் சகோதரர் என்று சட்டமே இருக்கிறது. ஆனால் ஆரம்பித்தவர் ஒரு பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. காலனி ஆட்சிக்காரர்கள் நமக்குச் சமத்துவம் சொல்லித் தருவதா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், நாகர்கோவில்)

ப: ஐயா, கேள்வி நியாயமானது. நீங்கள் சொல்லும் அந்த அதிகாரி பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் இருபது பையன்களை வைத்து முதல் முகாம் போட்டபோது, ஈட்டன், ஹாரோ மாதிரி பணக்காரப் பள்ளிப் பையன்களையும் போர்ன்மவுத், பூல் ஊர்களின் சாதாரண வீட்டுப் பையன்களையும் வேண்டுமென்றே கலந்து நான்கு அணியாகப் பிரித்தார். வர்க்கம் வர்க்கமாகப் பிரிந்து கிடந்த அன்றைய இங்கிலாந்தில் அது சின்ன விஷயமில்லை. ஆனால் அதே இயக்கம் 1909-ல் பெங்களூருக்கு வந்தபோது வெள்ளைக்கார, ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கு மட்டும் என்றார்கள். நம் பிள்ளைகளுக்கு இடமில்லை! சகோதரத்துவம் கப்பலில் வரும்போது பாதி வழியில் இறங்கிவிட்டது போலிருக்கிறது.

சும்மா இருக்கவில்லை நம்மவர்கள். 1916-17 வாக்கில் சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார், அருண்டேலைத் துணைக்கு வைத்துக்கொண்டு இந்தியப் பையன்களுக்கென்று தனிச் சாரணர் சங்கமே ஆரம்பித்தார். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை. வடக்கே மதன் மோகன் மாளவியா, ஹிருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் சேவா சமிதி சாரணர் சங்கத்தை உண்டாக்கினார்கள். தனித்தனியாக இருந்த சங்கங்கள் ஒரு வழியாகச் சேர்ந்து 1950 நவம்பர் 7-ல் பாரத சாரண இயக்கம் ஆனது. மறு வருடம் பெண்பிள்ளைகளுக்கான சாரணியர் அமைப்பும் அதில் வந்து சேர்ந்தது. பெண்கள் கதையும் இப்படித்தான். 1909-ல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நடந்த பையன்கள் பேரணிக்கு, யாரும் கூப்பிடாமலே சீருடை போட்டுக்கொண்டு கொஞ்சம் பெண்பிள்ளைகள் வந்து நின்றார்கள். அதற்கு அடுத்த வருடம் பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் பொறுப்பில் பெண்களுக்கான அமைப்பு வந்தது.

ஆக, சமத்துவத்தை யாரும் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்கவில்லை. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் சண்டை போட்டு உள்ளே வந்தார்கள், அதனால்தான் அந்தச் சட்ட வாசகத்துக்கு இன்று கொஞ்சமாவது மதிப்பு இருக்கிறது. நம் ஊருக்கு இது இன்னும் பொருந்தும். சேரன்மாதேவி குருகுலத்தில் சாதி பார்த்துச் சில பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதற்கு நூறு வருடத்துக்கு முன் எவ்வளவு பெரிய சண்டை நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்றைக்கு ஒரு சாரணர் முகாமில் யார் சமைத்ததை யார் சாப்பிடுகிறார்கள், பாத்திரம் கழுவும் முறை எல்லோருக்கும் வருகிறதா, இல்லை சில பிள்ளைகள் தலையிலேயே விழுகிறதா என்று கவனியுங்கள். கையில் கயிறு கட்டிக்கொண்டு சாதி காட்டும் பிள்ளைகள் இருக்கும் பள்ளியில், அணி பிரிக்கும்போது அந்தக் கயிற்று நிறப்படியே சேர விட்டுவிட்டால் சாரணர் சட்டத்தை நூறு தடவை ஒப்பித்தாலும் புண்ணியமில்லை. பெயர்களைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்கச் சொல்லுங்கள்.

கே: இதெல்லாம் வெறும் நம்பிக்கையா, ஆராய்ச்சி ஏதாவது இருக்கிறதா? (கல்லூரி மாணவர், கோவை)

ப: இருக்கிறது தம்பி. பிரிட்டனில் 1958-ல் ஒரே வாரத்தில் பிறந்தவர்களை வாழ்நாள் முழுக்கத் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தத் தரவுகளில் சுமார் பத்தாயிரம் பேரை எடுத்து எடின்பரோ, கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். சின்ன வயதில் சாரணர், சாரணியராக இருந்தவர்களுக்கு ஐம்பது வயதில் பதற்றம், மனச்சோர்வு போன்ற தொல்லைகள் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய 15 சதவீதம் குறைவு. எனக்குப் பிடித்தது அதில் இன்னொரு விஷயம்: ஏழை வீட்டில் பிறந்தவர்களுக்கும் வசதியான வீட்டில் பிறந்தவர்களுக்கும் மனநலத்தில் வழக்கமாக இருக்கும் இடைவெளி, சாரணர்களிடம் சுருங்கியிருந்தது. உடனே துள்ள வேண்டாம். சாரணரில் சேர்ந்ததால் நன்றாக இருந்தார்களா, சேர்த்துவிடும் அக்கறையுள்ள பெற்றோர் இருந்ததால் நன்றாக இருந்தார்களா என்று இப்படிப்பட்ட ஆய்வால் அடித்துச் சொல்ல முடியாது.

கே: எங்கள் வீட்டில் கடவுள் நம்பிக்கை கிடையாது. உறுதிமொழியில் கடவுள் வருகிறதாமே? (பெரியார் வாசகர், ஈரோடு)

ப: வருகிறது. விரும்பினால் அந்த இடத்தில் ‘தர்மம்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று பாரத சாரண இயக்க விதியிலேயே இருக்கிறது. அதுவும் ஒத்துவராது என்றால் என்னிடம் மருந்தில்லை. பிரிட்டனில் 2014 முதல் நம்பிக்கையில்லாதவர்களுக்குத் தனி உறுதிமொழியே உண்டு.

கே: மகள் எட்டாம் வகுப்பு. மூன்று நாள் சாரணியர் முகாமுக்குக் கேட்கிறார்கள். அனுப்பப் பயமாக இருக்கிறது. (பெயர் வேண்டாம், கரூர்)

ப: பயப்படுங்கள், தப்பில்லை. அமெரிக்காவின் பாய் ஸ்கவுட்ஸ் அமைப்பு பாலியல் கொடுமை வழக்குகள் குவிந்து 2020-ல் திவால் மனு போட்டது. 80,000-க்கும் மேற்பட்டவர்கள் புகாரோடு வந்தார்கள். பல வருடங்களாக உள்ளுக்குள்ளேயே தெரிந்து மூடி வைத்தது அது. இங்கே 2024-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்.சி.சி. (தேசிய மாணவர் படை) பெயரில் நடந்த போலி முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த பாலியல் கொடுமையை மறந்திருக்க மாட்டீர்கள். ‘நல்ல இயக்கம்’ என்ற பெயரை நம்பிப் பிள்ளையை அனுப்பக்கூடாது.

அதனால் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். மாவட்டச் சாரணர் அலுவலகத்துக்கு இந்த முகாம் தெரியுமா, கடிதம் எங்கே? கூட வரும் பெண் ஆசிரியர்கள் எத்தனை பேர், ராத்திரி அங்கேயே தங்குவார்களா? பெரியவர் ஒருவர் ஒற்றைப் பிள்ளையோடு தனியாக இருக்கக்கூடாது என்ற விதியைக் கடைப்பிடிக்கிறார்களா? கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா? முகம் சுளித்துக்கொண்டு பதில் சொன்னால் அனுப்பாதீர்கள். சரியாகச் சொன்னால் கண்டிப்பாக அனுப்புங்கள். அண்ணன் எங்கே வேண்டுமானாலும் போகலாம், தங்கை பக்கத்துத் தெருவுக்குப் போவதற்கும் அனுமதி கேட்க வேண்டும் என்று இருக்கும் வீடுகளில், மூன்று ராத்திரி தன் கூடாரத்தைத் தானே கட்டித் தூங்கிவிட்டு வரும் பெண்ணுக்கு அப்புறம் கல்லூரி விடுதி ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது.

கே: ஜனாதிபதி விருது வாங்கினால் ரயில்வேயில் வேலையாமே? (பல வாசகர்கள்)

ப: ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீடு உண்டு, இடங்கள் கொஞ்சம், நிபந்தனைகள் நிறைய. அதற்காகவே பத்து வயதில் சேர்த்துவிட்டு, பிள்ளையின் சேவைக் குறிப்பேட்டை அப்பாவே உட்கார்ந்து எழுதும் வீடுகள் எனக்குத் தெரியும். செய்யாத சேவையைச் செய்ததாக எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு, நம்பகமானவர் என்ற முதல் சட்டத்தை மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்!

கே: எனக்கு 41 வயது. சின்ன வயதில் வாய்ப்புக் கிடைக்கவில்லை. இப்போது சேர முடியுமா? (மளிகைக் கடைக்காரர், தேனி)

ப: சாரணராக முடியாது, வயது தாண்டிவிட்டது. படை நடத்துபவராக வரலாம். பயிற்சிக்குப் போக வேண்டும், அங்கே உங்களையும் அணியாகப் பிரித்து முடிச்சுப் போடவும் சமைக்கவும் விடுவார்கள். மாவட்டச் சாரணர் அலுவலகத்தில் விசாரியுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடையை யார் பார்ப்பது என்று வீட்டில் முதலில் பேசிவிடுங்கள்.