அப்பா பைக்குள் போகிறார் – கடிதம்

வணக்கம் சார்,

இரண்டு வருடமாகக் கொரிய மொழி படிக்கிறேன். வாக்கியத்தை எழுத்தில் பார்த்தால் புரிந்துவிடுகிறது. அதையே ஒருவர் பேசினால் பாதியிலேயே கோட்டை விட்டுவிடுகிறேன். 'வினை கடைசியில்தான் வரும், அதுவரை பொறுங்கள்' என்கிறார் ஆசிரியை. கொரியர்களும் இப்படிக் காத்திருந்துதான் கேட்கிறார்களா?

ஆர்., அம்பத்தூர்

அன்புள்ள ஆர்.,

'கொரிய மொழியைக் கடைசிவரை கேட்டால்தான் தெரியும்' என்று கொரியர்களே சொல்வதுண்டு. உங்கள் ஆசிரியை அதைத்தான் சொல்கிறார். எனக்கு அதில் பாதி உடன்பாடுதான்.

வினைமுற்று கடைசியில் வருவது நமக்கென்ன புதிதா? 'அக்காவுக்கு மாமா நேற்று ஒரு புடவை' என்று சொல்லி ஒருவர் இருமினால், மிச்சத்தை நீங்களே முடித்துவிடுவீர்கள். 'கு' உருபு காதில் விழுந்ததுமே மனம் கொடுப்பதையும் வாங்குவதையும் தேடிப் போய்விடுகிறது. கொரியரின் காதுக்கும் உருபுகள்தான் பிடி. பேச்சில் அவற்றை விழுங்கியும்விடுவார்கள். நாம் 'சோற்றைச் சாப்பிட்டாயா' என்றா கேட்கிறோம்?

முந்திக்கொண்டு ஊகிப்பதால் சறுக்கலும் உண்டு. 'குமார் மாலாவை அடித்த ஆளைப் பார்த்தான்.' 'ஆளை' வரும்வரை அடித்தவன் குமார்தான். கொரியத்திலும் இதே வரிசை, இதே பெயரெச்சம், இதே சறுக்கல். காப்பாற்றுவது 'குமார்' என்றபின் விடுகிற சின்ன நிறுத்தம்.

உங்கள் சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். நீங்கள் சொற்களைத் தேடுகிறீர்கள். அவர்கள் சிறு சிறு தொடர்களைக் கேட்கிறார்கள். சுன்-ஆ ஜுன் என்ற ஒலியியலாளர் 1993இல் தன் முனைவர் பட்ட ஆய்வேட்டில் இந்தத் தொடர்களை விரிவாக ஆராய்ந்தார். சியோல் பேச்சில் பெரும்பாலான தொடர்கள் தாழ்ந்த சுருதியில் தொடங்கி மேலேறும். மூச்சுக்காற்று சேர்ந்த 'க்ஹ' போன்ற ஒலியிலோ, இறுக்கிச் சொல்லும் 'க்க' போன்ற மெய்யிலோ தொடங்கினால் எடுத்த எடுப்பிலேயே சுருதி உயர்ந்திருக்கும். அடுத்த தொடர் எங்கே தொடங்குகிறது என்பதை இந்த ஏற்ற இறக்கமே காதுக்குச் சொல்லிவிடும்.

கொரியக் குழந்தைகளுக்கெல்லாம் தெரிந்த வேடிக்கை ஒன்று: 'அபொஜிகாபாங்எ துரொகாஷிந்தா'. 'அபொஜிகா / பாங்எ' என்று பிரித்தால் அப்பா அறைக்குள் போகிறார். 'அபொஜி / காபாங்எ' என்றால் அப்பா பைக்குள் போகிறார்! எழுத்தில் சொற்களுக்கிடையே இடம் விடவேண்டும் என்பதற்கு இதைத்தான் காட்டுவார்கள். (1896இல் தொடங்கிய 'தோங்னிப் ஷின்முன்' என்ற கொரியச் செய்தித்தாள் அப்படி இடம்விட்டு அச்சிட்டது.)

காதுக்கு அந்த இடைவெளி தேவையில்லை. 'கடை'யின் க வேறு, 'தங்கை'யின் க வேறு அல்லவா? கொரியத்திலும் தொடரின் தலையில் வரும் க வல்லோசை, உள்ளே உயிர்களுக்கு நடுவே வந்தால் மெல்ல அதிரும். ப-வும் அப்படியே. ஆகவே அப்பா அறைக்குப் போகும்போது 'பா' வன்மையாக ஒலிக்கும், பைக்குள் போகும்போது 'கா'. தமிழ்க் காதுக்கு இது இலவசமாகக் கிடைத்த வசதி, ஆங்கில எழுத்தில் படித்துக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, 'ஒதி கா?' இரண்டையும் ஒரே தொடராகச் சேர்த்துச் சொன்னால் 'எங்கே போறே?' 'கா'வைத் தனித் தொடராக உயர்த்தினால் 'எங்கேயாவது போறியா?' தமிழில் 'யாவது' செய்யும் வேலையை அங்கே பெரும்பாலும் இசை செய்கிறது.

ஒரு மாதம் எழுத்தை மூடிவைத்துவிட்டு, பேச்சின் மெட்டை மட்டும் முணுமுணுத்துப் பாருங்கள். அர்த்தம் பிறகு வரட்டும்.

ஒரு எச்சரிக்கையும். தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் 'எங்கே போறீங்க' என்று கொரியர்கள் கூச்சமில்லாமல் கேட்பார்கள், அது வெறும் நலம்விசாரிப்பு. நம் வீடுகளில் போகிறவரை 'எங்கே' என்று கேட்டால் காரியம் கெடும் என்று 'தூரமா?' என்பார்களே, அந்த நினைப்பில் சங்கடப்பட வேண்டாம். 'சும்மா, இங்கேதான்' என்றால் போதும்.