குலசேகரத்துப் பெண்ணுக்கு நாகர்கோவிலா, கோவையா? எதை வைத்துக் கல்லூரியை முடிவு செய்வது?

புதிதாக வாசிக்கிறவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிவிடுகிறேன். குலசேகரம் பக்கம் வீடு. பிளஸ் டூ முடித்தாகிவிட்டது, கட்ஆஃப் 171. நாகர்கோவிலில் எய்டட் (அரசு உதவி பெறும்) கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல், மாவட்டத்துக்குள்ளேயே ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ், கோவையில் ஹாஸ்டலோடு இ.சி.இ. (எலெக்ட்ரானிக்ஸ்-கம்யூனிகேஷன் பொறியியல்) என்று மூன்று யோசனை. அப்பா ‘பக்கத்திலேயே போதும்’ என்கிறார். கூட்டுக்காரிகள் கோவைக்குக் கிளம்புகிறார்கள். படிப்பு, காலேஜ் லைஃப், வேலை, இதில் எதைப் பெரிதாக எடுப்பது என்று கேட்கிறார்.

தங்கச்சி, இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும். முதலில் ஒன்றைப் பார்: கிளாஸ் முடிந்த பிறகு உன் கையில் எத்தனை மணி நேரம் இருக்கும்? படிப்பு, பழக்கவழக்கம், வேலைக்கான தயாரிப்பு எல்லாமே அந்த நேரத்தில்தான் நடக்கிறது.

குலசேகரத்திலிருந்து நாகர்கோவிலுக்குத் தினமும் பஸ்ஸில் போய் வருவது என்றால் என்ன என்று உனக்குத் தெரியும். காலையில் திருவட்டார் வரும்போதே நிற்க இடம் இருக்காது. அழகியமண்டபம், தக்கலை நெரிசல், சுங்கான்கடை தாண்டி பார்வதிபுரம் பாலம் ஏறும்போது பாதித் தெம்பு போயிருக்கும். சாயங்காலம் கல்லூரியில் ஒரு குவிஸ், ஒரு நாடக ரிகர்சல், என்.எஸ்.எஸ். மீட்டிங் எது இருந்தாலும் ‘பஸ் போயிரும்’ என்று எழுந்து வருகிறவள் நீயாகத்தான் இருப்பாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, காசு மிச்சம்தான், நேரம் மிச்சமில்லை. ஆகவே நாகர்கோவில் என்றால் அங்கேயே ஹாஸ்டலோ, சித்தி வீடோ கிடைக்குமா என்று பார். வீட்டில் ‘இங்கேருந்து நாகர்கோவிலுக்கு ஹாஸ்டலா?’ என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கோவை ஹாஸ்டல் என்றால் எல்லாம் சுதந்திரம் என்றும் நினைக்காதே. சில பொறியியல் கல்லூரிகளில் ஆறு மணிக்குக் கேட் பூட்டு, அவுட்பாஸுக்கு அப்பா போன் பண்ண வேண்டும், ஆணும் பெண்ணும் வராந்தாவில் நின்று பேசினால் விசாரணை. இதெல்லாம் பிராஸ்பெக்டஸில் இருக்காது, அங்கே மூன்றாம் வருடம் படிக்கிற பெண்ணிடம் கேட்டால்தான் வரும். இன்னொன்று, டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு நமக்கு இங்கே லீவு, அங்கே கிளாஸ் நடக்கும். சம்பா அரிசிச் சோறும் மீன்கறியும் இல்லாத முதல் மாதம் கஷ்டம்தான். ராத்திரி ஏறினால் காலையில் இறக்கிவிட ரயில் இருக்கிறது, பொங்கல் சமயத்தில் மட்டும் டிக்கெட்டை முன்கூட்டியே போட்டு வை.

படிப்புக்குக் கல்லூரிப் பெயரைப் பார்க்காதே, துறையைப் பார். கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் ‘நாக்’ (NAAC) அமைப்பின் கிரேடு கல்லூரி மொத்தத்துக்கும் கொடுப்பது. என்.பி.ஏ. (NBA) என்ற இன்னொரு அமைப்பின் அங்கீகாரம் ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனி, கல்லூரி வாசலில் பெரிதாக எழுதியிருந்தாலும் உன் பிராஞ்சுக்கு இருக்கிறதா என்று கேள். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரி, 1952-இல் தொடங்கிய தென் திருவிதாங்கூர் இந்துக் கல்லூரி, ஹோலி கிராஸ் மாதிரி நம்மூர்க் கல்லூரிகளுக்குப் பெயர் இருக்கிறது, சரி. ஆனால் எய்டட் கல்லூரிகளில் ஒரே வளாகத்தில் எய்டட் பிரிவும் செல்ஃப் பைனான்ஸ் பிரிவும் ஓடும், ஃபீஸ் வித்தியாசம் பெரிது. உனக்குக் கிடைத்திருப்பது எது என்று ரசீது போடும் முன்பே கேட்டுக்கொள்.

வேலை விஷயத்தில் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன். நான் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் ஐ.டி. வளாகத்தில் வேலை பார்க்கிறேன், படிப்பு முடித்துப் புதிதாக வருகிறவர்களுக்கு இன்டர்வியூ எடுப்பதும் என் வேலையில் சேர்த்தி. ‘95 சதவீதம் பிளேஸ்மென்ட்’ என்ற போர்டைப் பார்த்தால் அது எத்தனை பேரில் 95 என்று கேள். பல இடங்களில் அரியர் இல்லாதவர்கள், பத்தாவது முதல் 60 சதவீதத்துக்குக் குறையாதவர்கள், பெயர் கொடுத்தவர்கள் மட்டும்தான் கணக்கு. ஒரே பையனுக்கு மூன்று ஆஃபர் வந்தால் மூன்றாக எண்ணுகிறவர்களும் உண்டு. வந்த கம்பெனி கோடிங் வேலைக்கு எடுத்ததா, டெலிகாலிங்குக்கு எடுத்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இருந்து பார்த்தால் கதை வேறு. ரெஸ்யூமில் இருக்கிற ஃபைனல் இயர் பிராஜெக்டைத்தான் முதலில் தொடுவோம். ‘தப்பான பாஸ்வேர்டு கொடுத்தா உங்க கோடு எங்க போகும்?’ என்று கேட்பேன். சொந்தமாகச் செய்தவள் பேப்பரை இழுத்து வரைய ஆரம்பித்துவிடுவாள். பிராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கியவள் ‘டீம் மேட் பண்ணினாங்க சார்’ என்பாள். அந்தப் பேப்பரில் வரைகிறவள் எந்தக் கல்லூரி என்று நான் பிறகுதான் பார்ப்பேன்.

உள்ளூரில் படித்தால் வேலை கிடைக்காது என்பது நம் ஆட்களின் பயம். நமக்குத் திருவனந்தபுரம் மதுரையைவிடப் பக்கம், மார்த்தாண்டம்காரர்கள் நிறையப் பேர் டெக்னோபார்க்கில் இருக்கிறார்கள். ஆரல்வாய்மொழியைத் தாண்டினால் மகேந்திரகிரி இஸ்ரோ மையம், அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும். பி.எஸ்சி. முடித்தாலும் வழி அடைபடாது. விப்ரோ மாதிரி நிறுவனங்கள் பி.எஸ்சி. பட்டதாரிகளை எடுத்து வேலையோடு எம்.டெக். படிக்க வைக்கின்றன. ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி.க்கு ‘ஜாம்’ தேர்வு இருக்கிறது.

உன் விஷயத்தில் என் முடிவு: இயற்பியலில் கணக்குப் போடுவது உனக்கு உண்மையிலேயே பிடிக்கும் என்றால் பி.எஸ்சி., அதுவும் நாகர்கோவிலில் தங்கி. வெறும் ‘ஃபீஸ் குறைவு’ என்பதற்காக என்றால் வேண்டாம். அப்படிப் பிடிப்பு இல்லை, கோடிங் பக்கம் ஆசை என்றால் உள்ளூர் கம்ப்யூட்டர் சயின்ஸ், அந்தத் துறையில் ஃபைனல் இயர் படிக்கிற இரண்டு பேரிடம் பேசிய பிறகு. கூட்டுக்காரிகளுக்காக கோவை இ.சி.இ. எடுப்பது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை, முதல் செமஸ்டரிலேயே அவரவருக்குப் புது கேங் அமைந்துவிடும்.

காசு பற்றி ஒன்று. ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கவுன்சலிங்கில் வந்தவர்களுக்கு ஹாஸ்டல் உட்படக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. எந்தப் படிப்பானாலும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். அப்படியானால் அப்பா சொல்கிற கணக்கே மாறிவிடும், அவரிடம் உட்கார்ந்து பேசு.

பொறியியல் கவுன்சலிங் முடியும்வரை காத்திருந்தால் ஆர்ட்ஸ் காலேஜ் சீட் போய்விடும், அதனால் இயற்பியல் சீட்டை இப்போதே போட்டு வை. கவுன்சலிங்கில் சாய்ஸ் கொடுக்கும்போது உனக்குப் பிடித்த வரிசையிலேயே கொடு. கிடைக்காது என்று நினைத்து பிடித்ததைக் கீழே தள்ளாதே, மேலே வைப்பதால் கீழே இருக்கிற சீட்டு உன் கையை விட்டுப் போகாது.