இங்கிலாந்துக் கிராமத்தில் எல்லாமே சர்ச்சைச் சுற்றித்தான் நடக்குமாமே, கிறித்தவர் அல்லாத நாங்கள் ஊரோடு ஒட்ட முடியுமா?

(கேள்வியின் சுருக்கம்: மனைவிக்கு இங்கிலாந்தில் ஒரு கிராமப்புற மருத்துவமனையில் வேலை கிடைத்திருக்கிறது. முந்நூறு பேர் வாழும் ஊரில் வீடு பார்த்திருக்கிறார்கள். "சர்ச்சுக்குப் போகாதவர்களை ஒதுக்கிவிடுவார்கள்" என்று ஒரு நண்பர் பயமுறுத்தியிருக்கிறார்.)

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. எல்லாம் சர்ச்சைச் சுற்றித்தான் நடக்கும். ஆனால் சர்ச்சுக்குள் போய் ஜெபம் செய்கிறீர்களா என்று யாரும் கணக்குப் பார்க்க மாட்டார்கள். சர்ச் முற்றத்துப் புல்லை வெட்ட வருவீர்களா என்று கேட்பார்கள்.

நான் மாயவரம் பக்கத்து ஆள், சைவக் குடும்பம். 2017இல் மனைவியின் நர்ஸ் வேலைக்காக இங்கிலாந்தின் கிழக்கே உள்ள நார்ஃபோக் பக்கம் வந்தோம். எனக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. ஊரில் கடை கிடையாது. தபால் நிலையம் நாங்கள் வருவதற்கு முன்பே மூடியாகிவிட்டது. பஸ் நாளைக்கு மூன்று, ஞாயிறு அதுவும் இல்லை. ஒரு பப், ஒரு சமுதாயக் கூடம், ஒரு சர்ச், அவ்வளவுதான். நார்ஃபோக்கில் மட்டும் இடைக்காலத்துச் சர்ச்சுகள் 650க்கு மேல் இருக்கின்றன. கம்பளி வியாபாரத்தில் பணம் கொழித்த காலத்தில் ஊருக்கு ஊர் போட்டி போட்டுக் கட்டியவை. தட்டையான பூமி என்பதால் எந்தப் பக்கம் திரும்பினாலும் வயலுக்கு அப்பால் ஒரு கோபுரம் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்து ஆளுக்கு இது ஒன்றும் அதிசயமில்லை.

போனதும் ஒரு குழப்பம் வரும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். 'பாரிஷ்' என்று அங்கே இரண்டு உண்டு. பாரிஷ் கவுன்சில் என்பது 1894ஆம் வருடச் சட்டத்தில் பிறந்த, நம் ஊராட்சி மன்றம் மாதிரியான அமைப்பு. பஸ் நிறுத்தம், நடைபாதை, நாய்க் கழிவுத் தொட்டி எல்லாம் அவர்கள் பார்ப்பது. சர்ச்சின் பாரிஷ் வேறு, அது ஒரு சர்ச்சுக்கு உட்பட்ட பகுதி. அதற்குத் தனிக் குழு, பி.சி.சி. என்பார்கள். இது தெரியாமல், சர்ச் முற்றத்து மரக்கிளை ஒன்று என் வேலிமேல் சாய்கிறது என்று கவுன்சில் செயலாளரிடம் போய்ப் புகார் சொன்னேன். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இது எங்கள் பொறுப்பு இல்லையே" என்றார். இரண்டு நாள் கழித்து போன். "பி.சி.சி.க்கு உங்கள் புகார் வந்திருக்கிறது." அதே அம்மாள்! இரண்டுக்கும் அவர்தான் செயலாளர். சின்ன ஊரில் எல்லாக் குழுவிலும் அதே ஏழெட்டு முகங்கள்தான் இருக்கும், பலகை மட்டும் மாறும்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்துத் திருச்சபை அரசு அங்கீகாரம் பெற்றது. அதனால் பாரிஷ் எல்லைக்குள் குடியிருக்கிற எல்லோருக்கும், சர்ச்சுக்குப் போனாலும் போகாவிட்டாலும், சில உரிமைகள் இருக்கின்றன. அங்கே திருமணம் செய்துகொள்ளலாம். கல்லறையில் இடமிருந்தால் அங்கேயே அடக்கமும் ஆகலாம். (என் அம்மாவிடம் போனில் இதைச் சொன்னபோது, "அதெல்லாம் எதுக்குடா இப்போ பேசிக்கிட்டு" என்று வைத்துவிட்டாள்.)

எனக்கே வியப்பாக இருந்தது தேர்தல்தான். ஒவ்வொரு வருடமும் மே முடிவதற்குள் சர்ச் வார்டன்கள் இருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது இடைக்காலத்திலிருந்து வருகிற பதவி. கூரை ஒழுகினால், வெள்ளிக் கிண்ணம் காணாமல் போனால், பாதிரியார் மாற்றலாகிப் போய் அடுத்தவர் வராமல் இருந்தால், எல்லாம் இவர்கள் தலையில்தான் விழும். இவர்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில், அந்தப் பாரிஷில் வசித்து உள்ளாட்சி வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் வாக்களிக்கலாம். மதம் கேட்பதில்லை. இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால், முறையான விசாவோடு வசித்தால் அந்தப் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம். ஆக, நெற்றியில் திருநீறோடு போய்ச் சர்ச் வார்டனைத் தேர்ந்தெடுக்கக் கை தூக்கியிருக்கிறேன். எதிர்த்துப் போட்டியிட ஆள் இல்லை, அது வேறு விஷயம். அந்தப் பதவியைத் தட்டிப் பறிக்க யாரும் வருவதில்லை, தப்பித்து ஓடத்தான் பார்ப்பார்கள். கூட்டம் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். அடுத்தாற்போல் சர்ச் உறுப்பினர்களின் ஆண்டுக் கூட்டம் அங்கேயே தொடங்கும். அதில் எனக்கு வாக்கு இல்லை. ஓரமாக உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருப்பேன்.

ஞாயிறு வழிபாட்டுக்கு எத்தனை பேர் வருகிறார்கள் தெரியுமா? எங்கள் ஊரில் பன்னிரண்டு, மிஞ்சினால் பதினைந்து. பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். எங்கள் பாதிரியார் ஒரு பெண்மணி. பெண்களுக்கு அங்கே குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கியதே 1994இல்தான். அவர் ஒருவருக்கு எட்டுச் சர்ச்சுகள். அதனால் எங்களுக்கு மாதத்தில் இரண்டு ஞாயிறுதான் முறை. மற்ற ஞாயிறுகளில் பக்கத்து ஊர். ஒரு காலை இரண்டு வழிபாடு முடித்து மூன்றாவதற்குக் கிளம்பும்போது, காரை ஓட்டிக்கொண்டே சாண்ட்விச் தின்பதைப் பார்த்திருக்கிறேன்.

"பதினைந்து பேருக்காக இவ்வளவு பெரிய கட்டடமா, மூடிவிடலாமே" என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. சர்ச்சை மூடுவது சட்டப்படியே நீண்ட வேலை. மூடினாலும் கட்டடம் எங்கே போகும்? மூடப்பட்டவற்றில் 350க்கும் மேற்பட்ட சர்ச்சுகளை இதற்கென்றே உள்ள ஓர் அறக்கட்டளை பராமரித்து வருகிறது. மற்ற ஊர்களில் சுமை ஊரார் மேல்தான். பாதிரியார்களுக்கு அரசாங்கம் சம்பளம் கொடுக்கிறது என்று நம்மவர்கள் பலர் நினைக்கிறார்கள். இல்லை. பாரிஷ்தான் மறைமாவட்டத்துக்கு (ஒரு பிஷப்பின் கீழ் வரும் வட்டாரம்) வருடா வருடம் பங்குப் பணம் கட்ட வேண்டும். அதற்கு மேல் காப்பீடு, மின்சாரம், கூரை. அந்தக் கூரை இருக்கிறதே, ஈயத் தகடு. இரவோடு இரவாக வந்து உரித்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கள் ஊரில் ஒருமுறை நடந்தது. அடுத்த மழைக்குத்தான் தெரிந்தது.

இந்தப் பணத்தைத் திரட்டுவதுதான் ஊரின் பொழுதுபோக்கே. ஜூலையில் ஊர்ச் சந்தை. கேக்கின் எடையைச் சரியாகச் சொன்னால் கேக் உங்களுக்கு. பழைய புத்தகம், செடிகள், ஸ்கோனும் டீயும், பரிசுச் சீட்டு. முதல் வருடம் சீட்டில் எனக்கு லாவெண்டர் குளியல் உப்புப் பெட்டி ஒன்று விழுந்தது. எங்கள் வீட்டில் குளியல் தொட்டியே கிடையாது. அடுத்த வருடம் பரிசுப் பொருளாக நானே அதைக் கொடுத்தேன். அதற்கடுத்த வருடம் அதே பெட்டி, அதே ரிப்பனோடு, மீண்டும் மேசைமேல். அதை இன்னும் யாரும் பிரித்ததாகத் தெரியவில்லை.

வேலைக்குக் கூப்பிடும் முறை நமக்குப் பிடிபட நாளாகும். "செவ்வாய்க்கிழமை புல் வெட்ட ஆள் கொஞ்சம் குறைவாக இருக்கும் போலிருக்கிறது" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். நான் முதல் ஆறு மாதம் "ஓ, அப்படியா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அழைப்பு என்று மனைவிதான் புரியவைத்தாள். பூ வைப்பதற்கு, கதவு திறந்து பூட்டுவதற்கு, புல் வெட்டுவதற்கு என்று எல்லாவற்றுக்கும் ஒரு முறைப் பட்டியல் உண்டு. அதில் உங்கள் பெயர் ஏறிவிட்டால் ஊரிலும் ஏறிவிட்டது. தினமும் கோயிலுக்குப் போகாதவனும் தேருக்கு வடம் பிடிக்க வருவானே, அந்தக் கணக்கு.

என் பெயர் ஏறியது மணிக்கூண்டில். 2023 மே 6 அன்று மன்னர் சார்லஸுக்கு முடிசூட்டு விழா. அதற்கு நாடு முழுக்க மணியடிக்க ஆள் போதவில்லை என்று பிரசாரமே நடத்தினார்கள். எங்கள் கூண்டில் ஆறு மணிகள், ஆள் நாலு. பப்பில் ஒரு பெரியவர், "உங்களுக்குக் கணக்கு வருமாமே" என்றார். மணிக்கும் கணக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டுவிட்டேன். அத்தோடு மாட்டிக்கொண்டேன்.

சம்பந்தம் இருக்கிறது. அங்கே மணியில் பாட்டு வாசிப்பதில்லை. ஒவ்வொரு மணியும் ஒரு முழுச் சக்கரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். வாய் மேல்நோக்கி நிற்கிற மணியைக் கயிற்றால் இழுத்தால் முழு வட்டம் சுற்றி மறுபடி தலைகீழாக வந்து நிற்கும். எங்கள் பெரிய மணி அரை டன். அதை நினைத்த நேரத்தில் நிறுத்தவோ விரட்டவோ முடியாது. கொஞ்சம் முந்தவோ பிந்தவோ விடலாம், அவ்வளவுதான். எனவே 1, 2, 3, 4, 5, 6 என்று தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் பக்கத்துப் பக்கத்து மணிகள் இடம் மாறிக்கொண்டே போகும். ஒரு மணி ஒரு தடவைக்கு ஓர் இடம்தான் நகரலாம். ஒருமுறை வந்த வரிசை மறுபடி வரக்கூடாது. ஆறு மணிகளுக்கு மொத்தம் 720 வரிசைகள். எல்லாவற்றையும் அடித்து முடிக்கக் கிட்டத்தட்ட இருபத்தைந்து நிமிடம். ஏழு மணிகள் என்றால் 5,040 வரிசைகள், மூன்று மணி நேரம். காகிதம் பார்க்கக்கூடாது. கல்லூரியில் படித்த வரிசைமாற்றம் கயிற்றில் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

கற்றுக்கொள்ள எனக்கு நாலு மாதம் ஆயிற்று. மணியைத் தடுக்கிற மரக்கட்டை ஒன்றை உடைத்திருக்கிறேன். அன்று கயிறு என்னைத் தரையிலிருந்து தூக்கிவிட்டது. "விடு!" என்று பெரியவர் கத்தியதால் பிழைத்தேன். கட்டையை உடைக்காதவன் மணிக்காரனே இல்லை என்று சொல்லிப் புதுக்கட்டை செதுக்கிப் போட்டார். அவரும் சர்ச்சுக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மணியடித்துவிட்டு வழிபாடு தொடங்கும் முன் இறங்கிப் போய்விடுவார். பாதிரியாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொண்டதில்லை. அடிக்கத் தொடங்கும்போது முதல் மணிக்காரர் "போகிறாள்... போய்விட்டாள்" என்று குரல் கொடுப்பார். மணி எப்போதும் பெண்தான்.

விழாக்களில் ஒன்றை மட்டும் தவறவிடாதீர்கள். நவம்பரில் போர் நினைவு ஞாயிறு. மணியின் நாக்கில் ஒரு பக்கம் தோல் கட்டிவிடுவோம். ஓர் அடி கணீரென்றும் அடுத்தது எங்கோ தூரத்தில் கேட்பது போலவும் விழும். பதினோரு மணிக்கு நினைவுத் தூணுக்கு முன் ஊரே நிற்கும், சர்ச் பக்கமே வராதவர்கள் உட்பட. இரண்டு நிமிட மௌனம். பிறகு பெயர்களை வாசிப்பார்கள். இவ்வளவு சின்ன ஊரில் பதினாலு பெயர். ஒரே குடும்பப் பெயர் மூன்று முறை வரும். 1914–18 போருக்குப் போன எல்லோரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்து ஐம்பத்துச் சொச்சம்தானாம். மூன்று முறை வரும் அந்தப் பெயர்க் குடும்பத்தின் பேரன்தான் என் பக்கத்து வீட்டுக்காரர்.

அறுவடைத் திருநாளும் உண்டு. ஏதோ ஆதிகாலத்து வழக்கம் என்று நினைத்திருந்தேன். இப்போதைய வடிவில் அதைத் தொடங்கியவர் கார்ன்வாலில் மார்வென்ஸ்டோ என்ற ஊரின் பாதிரியார் ராபர்ட் ஹாக்கர், 1843இல். பூசணியும் ஆப்பிளும் பார்வைக்கு இருக்கும், ஆனால் அதிகம் குவிவது பருப்பு, தக்காளி டப்பாக்கள். இல்லாதவர்களுக்கான உணவு வங்கிக்குப் போகும்.

எல்லாம் தேன் என்று சொல்ல மாட்டேன். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டிவிடும், தெருவிளக்கு இருக்காது. முதல் குளிர்காலத்தில் மனைவி இரவுப் பணிக்குப் போனால் பேச்சுத்துணைக்கு ஆள் இல்லாமல் வானொலியோடு பேசியிருக்கிறேன். "சொந்த ஊர் எது? இல்லை, உண்மையில் எது?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அநேகமாகக் கெட்ட எண்ணத்தோடு இல்லை. முப்பது வருடம் முன் லண்டனிலிருந்து வந்தவரையே இன்னும் 'புதியவர்' என்கிற ஊரில் நாம் எம்மாத்திரம்? அப்புறம் சண்டைகள். எங்கள் சர்ச்சில் கழிப்பறை கிடையாது. பின்வரிசை பெஞ்சு இரண்டை எடுத்துவிட்டு ஒன்று கட்டலாம் என்றார்கள். பழமையான கட்டடம், ஆணி அடிக்கவும் மறைமாவட்டத்தின் அனுமதி வேண்டும். போதாக்குறைக்கு அந்தப் பெஞ்சில் தன் பாட்டி உட்கார்ந்தாள் என்று ஒருவர் எழுந்தார். நாலு வருடமாக இழுக்கிறது. அந்த விஷயத்தில் மட்டும் வாயைத் திறக்காதீர்கள், எவ்வளவு நன்றாகத் தெரிந்தவர் கேட்டாலும்.

வீடு மாறிய முதல் வாரம் ஊர்ப் பத்திரிகையை வாங்கிக் கடைசிப் பக்கம் பாருங்கள். மணிப் பயிற்சி எந்த இரவு என்று போட்டிருக்கும். எங்களுக்குப் புதன், ஏழரை மணி. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் போன அக்டோபரில் இறந்துபோனார். தோல் கட்டி அடித்தோம். அவருடைய ஐந்தாம் மணியை மட்டும் வாய் கீழாக விட்டுவிட்டு, ஐந்து பேர் அடித்தோம். அந்தக் கயிறு இன்னும் சுருட்டித்தான் கிடக்கிறது. நீங்கள் வருவது நார்ஃபோக் பக்கம் என்றால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.