செயற்கைக் காலோடு ஸ்கிப்பிங் ஆட முடியுமா? எந்த ஸ்டெப்பில் தொடங்குவது, ஒரே குதியில் கயிறு இரண்டு முறை அடியில் போகிற டபுள் அண்டர் வரை போக முடியுமா?

முடியும். எனக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. செயற்கைக் கால் செய்து தருகிற லிம்ப் சென்டர்களில் பி.கே. என்பார்களே, அந்த வகை. ஸ்கிப்பிங்தான் என் அன்றாட உடற்பயிற்சி. ஆனால் யூடியூபில் சொல்லிக்கொடுக்கிற வரிசையில் போனால் சீக்கிரமே கயிற்றை மூலையில் போட்டுவிடுவீர்கள். அவர்கள் எல்லோரும் இரண்டு காலையும் சேர்த்துவைத்துக் குதிக்கிற பேசிக் ஜம்ப்பில் தொடங்கி, அது வந்தபிறகு காலை மாற்றி மாற்றி வைக்கிற ரன்னிங் ஸ்டெப், அப்புறம் கைகளைக் குறுக்காகப் போடுகிற கிராஸ் என்று போவார்கள். நமக்கு அந்த முதல் பாடம்தான் இருப்பதிலேயே கஷ்டம். ஆகவே வரிசையைத் திருப்பிப் போடுங்கள்: முதலில் கை, பிறகு முன்னும் பின்னுமாகக் கால் வைக்கிற ஸ்டெப், அப்புறம் கிராஸ், இரண்டு கால் சேர்ந்த குதி கடைசியில்.

காரணம் இதுதான். ஸ்கிப்பிங்கில் உயரக் குதிக்க வேண்டியதே இல்லை, கயிற்றின் தடிமன் ரொம்பக் குறைவு, தரையிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் தாராளம். அந்தச் சின்ன எழும்பலைப் பெரும்பாலும் கெண்டைக்கால் தசையும் குதிகாலுக்கு மேலே இருக்கிற கெட்டியான தசைநாணும்தான் செய்கின்றன. முன்பாதத்தில் இறங்கி, கணுக்கால் கொஞ்சம் மடங்கி, உடனே திரும்பத் தள்ளும். நம் காலில் அந்த ஏற்பாடே இல்லை. சாச் பாதம் என்று சாதாரணமாகக் கொடுப்பது கணுக்கால் அசையாத வகை, குதிகாலில் மட்டும் அடி வாங்கிக்கொள்ள மெத்தென்று ஒரு துண்டு இருக்கும், அது அடியை வாங்கும், திருப்பித் தராது. இரண்டு காலையும் சேர்த்துக் குதித்தால் நல்ல கால் முன்பாதத்தால் உந்தும், மற்றது அப்படியே தட்டையாகத் தரையை விடும். உடம்பு ஒரு பக்கம் முந்திக்கொள்ளும், இடுப்பு கோணும், கொஞ்ச நேரத்தில் முதுகு பேச ஆரம்பிக்கும்.

அதனால் முதலில் குதிக்கவே வேண்டாம். இரண்டு கைப்பிடியையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு கயிற்றை உடம்புக்கு வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று என்று எட்டு வடிவத்தில் சுற்றுங்கள். இதற்கு சைடு ஸ்விங் என்று பெயர். சுற்று மணிக்கட்டிலிருந்து வர வேண்டும், தோளிலிருந்து அல்ல. முழங்கை விலாவை ஒட்டியே இருக்கட்டும். கயிறு தரையைத் தட்டுகிற ஒவ்வொரு முறையும் முழங்காலை மட்டும் லேசாக மடக்கி நிமிருங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் தாளம் கைக்கு வந்தால்தான் கால் பிழைக்கும்.

இதற்காகவே மணி கோத்த கயிறு வாங்குங்கள், கடையில் பீடட் ரோப் என்று கேட்டால் தருவார்கள். சின்னச் சின்னப் பிளாஸ்டிக் மணிகள் கோத்திருக்கும், கொஞ்சம் கனம், வளைவு கலையாது, முக்கியமாகத் தரையில் படும்போது டக் டக்கென்று சத்தம் வரும். செயற்கைப் பாதத்துக்குத் தரை எங்கே, கயிறு எங்கே என்று தெரியாது, அதைக் காது ஈடுகட்டுகிறது. மெல்லிய கம்பிக் கயிறு வேகத்துக்கு, இப்போது வேண்டாம். நீளத்துக்குக் கயிற்றின் நடுவில் ஒரு கால் வைத்து இழுத்துப் பிடித்தால் கைப்பிடி அக்குள் வரை வரவேண்டும் என்பது பொதுக் கணக்கு. நாம் அதற்கு மேல் ஒரு சாண் கூட வைத்துக்கொள்ளலாம், பழகப் பழகக் குறைக்கலாம்.

அடுத்தது ராக்கர் ஸ்டெப். செயற்கைக் கால் ஓரடி முன்னால், நல்ல கால் பின்னால். கயிறு வரும்போது முன்கால் அதைத் தாண்டி இறங்கும், உடம்பின் பாரம் அதன் மேல் சாயும், கயிறு அடியில் போகும்போது பின்கால் எழும்பி அதைத் தாண்டி இறங்கி மறுபடி உந்தும். சின்னப் பிள்ளைகள் குதிரை ஓட்டுவதுபோல ஓர் ஆட்டம். இதில் உந்துகிற வேலை முழுக்க நல்ல காலுக்கு, செயற்கைக் கால் தாங்கினால் மட்டும் போதும், நடக்கும்போது அது செய்கிற வேலைதான். இது ஓடத் தொடங்கியதும் முன்பின்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தால் தானாகவே ரன்னிங் ஸ்டெப் ஆகிவிடும். அங்கே ஒரு சிக்கல் வரும்: கயிறு செயற்கைப் பாதத்தின் விரல் நுனியில் மாட்டும். நல்ல காலில் அந்த நுனியை அறியாமலே மேலே தூக்குகிறோம், அதில் முடியாது. உயரக் குதித்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், அந்தப் பக்க முழங்காலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கினால் தீரும்.

இப்போது சாக்கெட், அதாவது ஸ்டம்ப் (காலில் மிஞ்சியிருக்கிற பகுதி) உள்ளே பொருந்துகிற கூடு. இதை அலட்சியம் செய்தால் மேலே சொன்ன எதுவும் உதவாது. நடக்கும்போது கச்சிதமாகத் தெரிகிற சாக்கெட் குதிக்கும்போது தளர்ந்தது தெரியும், ஒவ்வொரு குதிக்கும் ஸ்டம்ப் உள்ளே மேலும் கீழுமாக நகரும். பிஸ்டனிங் என்பார்கள். காது கொடுத்துக் கேட்டால் சின்னதாக ஒரு காற்றுச் சத்தம் வரும், அதுதான் அறிகுறி. ஸ்டம்ப் காலையில் ஓர் அளவு, சாயங்காலம் ஓர் அளவு. நாள் முழுக்க நடந்து சுருங்கியபின் ஆடுவதானால் ஸ்டம்ப் சாக்ஸ் ஒன்று கூடப் போட வேண்டியிருக்கும். நம் ஊர் வெயிலில் ஸ்டம்ப் மேல் உறையாக மாட்டுகிற சிலிகான் லைனருக்குள் வியர்வை தேங்கி வழுக்க ஆரம்பிக்கும். ஆட்டத்தை நிறுத்தி, கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டித்தான் ஆகவேண்டும். அதில் சோம்பல் கூடாது. கழற்றியதும் தோலைப் பாருங்கள். சிவந்திருந்தால் கொஞ்ச நேரத்தில் மறைய வேண்டும். கால் மணி நேரம் கழித்தும் ஒரே இடத்தில் சிவப்பு நிற்கிறது என்றால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது, அடுத்த நாள் லிம்ப் சென்டருக்குப் போய் அந்த இடத்தைக் காட்டுங்கள்.

ஷூ விஷயமும் அப்படித்தான். செயற்கைக் காலின் அலைன்மென்ட், அதாவது பாதமும் சாக்கெட்டும் சேர்கிற கோணம், ஷூவின் ஒரு குறிப்பிட்ட குதிகால் உயரத்துக்கு வைத்தது. ஜிம்முக்கென்று குதிகால் தடித்த புது ஷூ வாங்கிப் போட்டால் முழங்கால் முன்னால் தள்ளப்படும், குதிக்கும்போது அது இன்னும் தெரியும். பழைய ஷூவின் குதிகால் உயரத்திலேயே வாங்குங்கள். தரை கெட்டியான மண்ணாகவோ ரப்பர் மேட்டாகவோ இருக்கட்டும், மொட்டை மாடி ஓடு வேண்டாம். யோகா மேட்டில் பாதம் அமுங்கி ஆடும்.

ஜெய்ப்பூர் காலில் ஆகுமா என்று பலர் கேட்கிறார்கள். கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் மருத்துவர் பி.கே. சேத்தியும் 1968 வாக்கில் உருவாக்கிய அந்த ரப்பர் பாதம், சம்மணம் போட்டு உட்காரவும் குத்தவைக்கவும் வெறுங்காலில் நடக்கவும் வேண்டும் என்பதற்காக எல்லாப் பக்கமும் வளைகிற மாதிரி செய்தது. நடனக் கலைஞர் சுதா சந்திரன் 1981 விபத்தில் காலை இழந்தபின் அதைப் போட்டுக்கொண்டுதான் மேடையில் பரதம் ஆடினார். ராக்கர் ஸ்டெப்புக்கு அது நன்றாகவே ஒத்துழைக்கும். துள்ளல் மட்டும் வராது. துள்ளல் வேண்டுமென்றால் கார்பன் ஃபைபர் பாதம், அதிலும் உங்கள் எடைக்கும் குதிக்கிற வேலைக்கும் ஏற்ற கடினம் என்று கேட்டு வாங்க வேண்டும். ஓட்டப் பந்தய வீரர்கள் போடுகிற வளைந்த பிளேடு வேறு கதை. தானே கால் இழந்த வான் பிலிப்ஸ் 1980களில் கொண்டுவந்த கார்பன் பாதத்தின் வழியில் வந்தது. உந்தலை நிறையவே திருப்பித் தரும், ஆனால் குதிகாலே கிடையாது என்பதால் கயிறு மாட்டி நின்றால் அசையாமல் நிற்க முடியாது. அதைப் போட்டுத் தொடங்க வேண்டாம்.

முழங்காலுக்கு மேலே, அதாவது ஏ.கே. என்றால் கணக்கே வேறு. மென்மையாக இறங்க முழங்கால் மடங்க வேண்டும், ஆனால் செயற்கை முழங்கால் மடங்கிய நிலையில் பாரம் விழுந்தால் பல மாடல்கள் அப்படியே இறங்கிவிடும். நேராக வைத்துக் குதித்தால் அடி இடுப்புக்கும் முதுகுக்கும் போகும். நான் பார்த்த ஏ.கே. நண்பர்கள் குதிப்பதில்லை, கயிற்றைச் சுற்றித் தரையில் விழவைத்து நடந்தே தாண்டுகிறார்கள், கூடவே சைடு ஸ்விங். வியர்வைக்கு அதுவே போதும். ஒரு பக்கம் மணிக்கட்டுக்குக் கீழே கை இல்லாதவர்கள் அந்தப் பக்கக் கைப்பிடியை முன்கையோடு வெல்க்ரோ பட்டையால் கட்டிக்கொள்ளலாம். அந்தப் பக்கம் கயிறு மேலே ஏறிக் கோணும், ஆகவே நல்ல கையையும் அதே உயரத்துக்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும். அதுவும் வேண்டாம் என்றால் டபுள் டச். இரண்டு பேர் இரண்டு நீளக் கயிறுகளை எதிரெதிர்த் திசையில் சுற்ற, நடுவில் ஆடுபவருக்குக் கையில் வேலையே இல்லை.

மற்ற பெயர்களைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கயிறு ஒரு சுற்று வருவதற்குள் இரண்டு முறை துள்ளினால் டபுள் பவுன்ஸ். பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றினால் பாக்ஸர் ஸ்டெப், ரன்னிங் ஸ்டெப் வந்தவர்களுக்கு இது ஓய்வு. சேர்ந்த காலோடு இடவலமாகத் துள்ளினால் ஸ்கீயர், முன்பின்னாகத் துள்ளினால் பெல், இரண்டும் நமக்குப் பிறகுதான். கிரிஸ் கிராஸ்தான் நமக்கென்றே செய்த வித்தை, காலில் எதுவும் மாறாது. கையை நெஞ்சுக்கு முன்னால் குறுக்காகப் போடாதீர்கள், தொப்புளுக்குக் கீழே போடுங்கள், இரண்டு கைப்பிடியும் இடுப்பைத் தாண்டி வெளியே நீட்டியிருக்க வேண்டும், குறுக்கிட்ட பிறகும் மணிக்கட்டு சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். டோட் என்று ஒன்று உண்டு: ஒரு காலைத் தூக்கி, எதிர்க் கையை அதன் அடியில் விட்டு, நிற்கிற ஒற்றைக் காலால் கயிற்றைத் தாண்டுவது. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள், நமக்கோ தூக்குவது செயற்கைக் கால், குதிப்பது நல்ல கால், ரன்னிங் ஸ்டெப்பைவிட ஒருவிதத்தில் சுலபம்.

டபுள் அண்டர் என்றால் ஒரே குதியில் கயிறு இரண்டு முறை அடியில் போவது. அதற்கு இரண்டு கால் குதி உறுதியாக வந்திருக்க வேண்டும், வழக்கத்தைவிடப் பல மடங்கு உயரம் எழும்ப வேண்டும், இறங்கும்போது ஸ்டம்ப் மேல் விழுகிற அடியும் அதற்கேற்றபடி கூடும். பி.கே., கார்பன் பாதம், இறுக்கமான சாக்கெட், ஸ்டம்ப்பில் புண்ணோ நரம்பு வலியோ இல்லை, செயற்கைக் கால் செய்து தந்தவரும் சரி என்கிறார் என்றால் முயலலாம். தொடர்ந்து போடாமல் நாலைந்து சாதாரணச் சுற்றுக்கு நடுவே ஒன்று என்று போடுங்கள். தினமும் போட்டு நடக்கிற சாச் பாதத்தில் அதை முயல நான் சொல்லமாட்டேன், அது குதிப்பதற்கென்று செய்தது அல்ல. உடைந்தால் மறுநாள் வேலைக்குப் போக அதே கால்தான் வேண்டும்.