மின்சார ஸ்மோக்கரில் (இறைச்சியை மரப்புகையில் வேகவைக்கும் அடுப்பில்) கோழி கசக்கிறதா?

மரச்சில்லை ஊறவைத்து, தட்டு நிறையப் போட்டு, புகை வீணாகாமல் இருக்க மேல் துவாரத்தையும் மூடினேன், கோழி கசந்து நாக்கு மரத்துப்போகிறது என்கிறீர்கள். முதல் குற்றவாளி அந்தத் துவாரம்தான்.

மின்சார ஸ்மோக்கரில் இயல்பாகவே காற்றோட்டம் குறைவு. மூடினால் புகை உள்ளேயே தேங்கி, ஈரத்தோடு சேர்ந்து கிரியோசோட் என்ற தார் போன்ற பிசுக்காக இறைச்சிமேல் படியும். கசப்பும் மரத்துப்போவதும் அதனால்தான். துவாரத்தை முழுசாகத் திறந்தே வையுங்கள். வீணாகிறதே என்று கவலைப்படாதீர்கள், மெல்லிய நீலப் புகையே போதும்.

ஊறவைப்பதை விடுங்கள். நீர் வற்றும்வரை வருவது பெரும்பாலும் நீராவிதான். காய்ந்த சில்லு அரைக் கப் போடுங்கள், 120 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, அடர்ந்த வெள்ளைப் புகை தணிந்தபின் கோழியை வையுங்கள், தோலை நன்றாகத் துடைத்துவிட்டு. கோழி சீக்கிரம் புகை பிடிக்கும். இன்னொரு அரைக் கப்புக்குமேல் வேண்டாம். மீதி நேரம் வெறும் சூட்டிலேயே வேகட்டும்.

அதற்குமுன் உட்சுவரை விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாகப் பிசுபிசுத்தால் பழைய கிரியோசோட். மின் இணைப்பைப் பிடுங்கி, ஆறியதும் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுத்து, சோப்புத் துணியால் துடையுங்கள். ஹீட்டிங் எலிமென்ட்டில் தண்ணீர் படக்கூடாது. சில்லு பைன் மரமா என்றும் பாருங்கள். பிசின் உள்ள மரம் எப்படிப் போட்டாலும் கசக்கும்.